சுராங்கனியும் சிந்தும்

ஈழத்துப் பாடல் மரபைப் பற்றிப் பேசுவோர் நாட்டுக்கூத்தையும் கும்மியையும் சொல்லி, மெல்லிசையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். பொப் பாடல் என்றாலே நம் அறிஞர் சிலர் முகஞ்சுளிப்பர். "ஏ. ஈ. மனோகரனுக்கு இலக்கியத் தொடரில் என்ன வேலை?" என்றுகூடக் கேட்பர். இருக்கிறது என்பதே என் கருத்து.

1970களில் இலங்கை வானொலியில் மனோகரனின் 'சுராங்கனி' ஒலித்தபோது வடக்கு, கிழக்கு, தெற்கு என்ற பேதமின்றி எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்பதுதான் பாட்டின் பொருள். 'மாலு' என்றால் சிங்களத்தில் மீன். பல்லவி சிங்களம்; தொடர்வது தமிழ். சிங்களம் மட்டும் என்று 1956இல் சட்டமியற்றிய நாட்டிலே, இரண்டு மொழியும் ஒரே பாட்டில் உரசிக்கொள்ளாமல் இருந்தன. இதைச் சிறிய காரியம் என்று நான் எண்ணவில்லை. மீனையும் பாட்டையும் சேர்த்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதுமன்று. ஐங்குறுநூற்றிலே பாண்மகள் மீனைக் கொடுத்து நெல்லைப் பெறுகிறாள். பாணர் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்பாட்டின் தாளம் எங்கிருந்து வந்தது? அதற்கு நாம் நமது திருகோணமலைக்கே வரவேண்டும். 1624இல் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கீசர் பற்றி நமக்கு ஆறாத மனத்தாங்கல் உண்டு. ஆயினும், அவர்களோடு வந்த மொழியும் ஆட்டமும் இங்கேயே தங்கிவிட்டன. கூலிப்படையினராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் தாளமும் அதில் கலந்தது. பாலையூற்றுப் பறங்கியர் திருமண வீடுகளில் ஆடும் கப்ரிஞ்ஞா அந்தக் கலப்பின் பிள்ளை. பைலா என்ற சொல்லே போர்த்துக்கீச மொழியில் ஆடுதலைக் குறிப்பதிலிருந்து வந்ததுதான். அதன் ஓட்டம் நம் திஸ்ர நடைக்கு மிக நெருக்கமானது. கும்மியும் அந்த நடையிலேதான் செல்லும். ஆகவே தமிழ்ச் சொல் அதிலே இடறாமல் உட்கார்ந்துகொண்டதில் வியப்பில்லை.

பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்டியன் சிங்களத்தில் பைலாவைப் பரப்பினார். தமிழில் நித்தி கனகரத்தினம், நமது ஊரின் பரமேஸ் – கோணேஸ், மனோகரன் முதலியோர் கிற்றாரோடு வந்தனர். தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம் அது. உள்ளூர்க் குரலுக்குக் காது கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

ஜமேக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். அதுவும் பிரித்தானியர் ஆண்ட தீவு. அடிமைகளின் வழித்தோன்றல்கள் தம் நாட்டார் பாட்டோடு, அமெரிக்க வானொலியில் கேட்ட கறுப்பினத்தவர் இசையைக் கலந்து 'ஸ்கா'வை ஆக்கினர். பின்னர் அதுவே 'றெகே'யாயிற்று. அங்கேயும் படித்தவர்கள் முதலில் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிற்பாடு உலகமே கேட்டது.

சுராங்கனியும் கடல் கடந்தாள். 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் அவளைப் பாடினார். மனோகரன் நடிகருமாவார், செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவாகி 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். தமிழகம் சென்று 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் பல படங்களில் தோன்றினார். அங்கே பெரும்பாலும் அடியாள் வேடங்களே கிடைத்தன என்பது எனக்கு வருத்தந்தான். 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று நாம் கொண்டாடிய அவர் 2018 ஜனவரி 22இல் சென்னையில் காலமானார்.

அவருடைய பாட்டுக்களாவது இசைத்தட்டில் நின்றுவிட்டன. அந்தத் தாளத்தைத் தந்தவர்களின் போர்த்துக்கீசப் பாட்டுக்கள் பெரும்பாலும் முதியவர் சிலரின் நாவிலே இருக்கின்றன. சீனன்குடாவிலிருந்து பாலையூற்று அதிக தூரமில்லை. என் மாணவர் இருவரைக் கைத்தொலைபேசியோடு அங்கே அனுப்பியிருக்கிறேன்.