முதல் ஒரு எம்பி

இந்த வாரம் 1999-க்குப் போகலாம். ஏப்ரல் 26, திங்கட்கிழமை.

தென் கொரியா, துருக்கி, வங்கதேசம், சீனா, இந்தியா என்று பல நாடுகளில் அன்று கம்ப்யூட்டரை ஆன் பண்ணினவர்களுக்கு வெறும் கருப்புத் திரைதான் கிடைத்தது. சிலருக்கு ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்பது மாதிரி ஒரு எரர் வந்தது. தென் கொரியாவில் மட்டும் லட்சக்கணக்கான மெஷின்கள் படுத்துவிட்டன.

காரணம், சிஐஎச் என்கிற வைரஸ். தைவானில் சென் இங்-ஹாவ் என்கிற மாணவர் 1998-ல் எழுதியது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் அந்த மூன்று எழுத்து. செர்னோபில் அணு உலை வெடித்ததும் 1986-ல் இதே ஏப்ரல் 26 என்பதால் செர்னோபில் வைரஸ் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆன்டிவைரஸ் கம்பெனிகள் ரொம்ப அலட்டிக்கொள்கின்றன, அவர்களுக்கு ஒரு சவால் விடலாம் என்றுதான் எழுதினாராம். வெறும் ஒரு கேபி அளவு. மற்ற புரோகிராம் ஃபைல்களுக்குள்ளே காலியாகக் கிடக்கும் சந்துகளில் துண்டு துண்டாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஃபைலின் சைஸ்கூட மாறாது. விண்டோஸ் 95, 98-ல் மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, அந்தத் தேதியில் எழுந்தது.

திருட்டு சிடியில சாஃப்ட்வேர் போட்டவங்களுக்கு இது வேணும்னு அப்போ பலர் சொன்னாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. திருட்டு சிடி வழியா நிறையப் பரவினது உண்மைதான். ஆனா ஐபிஎம் விற்ற ஆப்டிவா கம்ப்யூட்டர்கள்ல ஒரு தொகுதி, இந்த வைரஸோடவே கடைக்கு வந்தது. முழு விலை குடுத்து வாங்கினவங்களும் மாட்டினாங்க.

சரி, வைரஸ் என்ன பண்ணிச்சு? ரெண்டு வேலை. ஒண்ணு, மதர்போர்டில் இருக்கும் பயோஸ் சிப்பை அழிக்கப் பார்த்தது. சில வகை போர்டுகளில் அது பலித்தது. சிப்பை மாற்றினால்தான் மெஷினுக்கு உயிர் வரும். இன்னொண்ணு, ஹார்ட் டிஸ்க்கின் ஆரம்பத்தில் இருக்கும் முதல் ஒரு எம்பியை வேறு எதையோ எழுதி மூடிவிட்டது.

ஒரு எம்பிதான். நாலு ஜிபி டிஸ்க்கில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதுக்கே எல்லாம் போச்சுன்னு ஏன் அழுதாங்க?

ஊர்ல கணக்குப்பிள்ளையோட அறை தீப்பிடிச்சுதுன்னு வச்சுக்கோங்க. நிலம் எங்கயும் போகல, வயல் வயலாவேதான் இருக்கு. எது யாருக்கு, எந்த வரப்பு எங்க முடியுதுன்னு சொல்ற பதிவேடு மட்டும் சாம்பல். அதே கதைதான். ஒரு ஃபைல் டிஸ்க்கில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கலாம். முதல் துண்டுக்கு அடுத்தது எங்கே, அதற்கடுத்தது எங்கே என்று சொல்லும் பதிவேட்டுக்கு ஃபைல் அலொகேஷன் டேபிள் என்று பெயர். சுருக்கமாக ஃபாட். அது இருப்பது டிஸ்க்கின் ஆரம்பத்தில். வைரஸ் கை வைத்ததும் அங்கேதான்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. ஃபாட்டை வடிவமைத்தவர்கள் அதை இரண்டு பிரதி வைத்திருந்தார்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று உதவட்டும் என்று, பக்கத்திலேயே. பழைய ஃபாட்16 முறையில் ஒரு பிரதி அதிகபட்சம் 128 கேபிதான். இரண்டையும் சேர்த்தாலும் 256 கேபி. அதற்கு அடுத்தபடியாக மேல்மட்டப் பட்டியல். எல்லாமே அந்த முதல் ஒரு எம்பிக்குள் அடக்கம், எல்லாமே காலி. ஆனால் விண்டோஸ் 98-ல் வந்த பெரிய டிஸ்க்குகளில் ஃபாட்32. நாலு ஜிபி டிஸ்க் என்றால் ஒரு பிரதியே சுமார் நாலு எம்பி வரும். வைரஸ் அழித்தது முதல் பிரதியின் முன்பகுதியை மட்டும். இரண்டாவது பிரதி, கொஞ்சம் தள்ளி, கீறல்கூட இல்லாமல் இருந்தது.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் டாக்காவில் இருந்தார். மோனிருல் இஸ்லாம் ஷரீஃப், டாக்கா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த மாணவர். எம்ரெகவர் என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதி இணையத்தில் போட்டார். அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்சன் ஃபிக்ஸ்-சிஐஎச் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். வழி எளிமையானது. டிஸ்க்கைத் துழாவு, இரண்டாவது ஃபாட் எங்கே தொடங்குகிறது என்று பார், அதை முதல் பிரதியின் இடத்தில் திருப்பி எழுது, அழிந்துபோன பார்டிஷன் விவரத்தைக் கணக்குப் போட்டு நிரப்பு. ரீஸ்டார்ட் செய்தால் பழைய ஃபோல்டர்கள் பேர் மாறாமல் வந்து நிற்கும்.

அந்தக் காலத்து பேக்கப் எப்படின்னு யோசிங்க. ஒரு ஃப்ளாப்பியில 1.44 எம்பி பிடிக்கும். சிடி ரைட்டர் வீட்டுல வச்சிருந்தவங்க ரொம்பக் கம்மி. கிளவுட்னா மேகம் மட்டும்தான். ஆய்வேடு, கடைக் கணக்கு, ஸ்கேன் பண்ணின குடும்பப் படம் எல்லாத்துக்கும் ஒரே பிரதி, அந்த ஒரே டிஸ்க். அப்படிப்பட்டவங்களுக்கு ஒரு ஃப்ளாப்பியில அடங்கற புரோகிராம் என்னவா இருந்திருக்கும்!

ஆனால் எல்லோருக்கும் இது கிடைக்கவில்லை. பழைய, சின்ன டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு பிரதியுமே இல்லை. டி டிரைவ் என்று தனியாகப் பிரித்து அதில் ஃபைல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். சி டிரைவை மட்டும் நம்பியவர்களுக்குத் துண்டு துண்டாகத் தேடிப் பொறுக்கும் வேலைதான் மிச்சம். இதைவிடப் பாவம், மெஷின் ஓடினால் போதும் என்று உடனே ஃபார்மட் அடித்து விண்டோஸை மறுபடி போட்டவர்கள். வைரஸ் விட்டுவைத்ததன் மேல் புது விண்டோஸ் போய் உட்கார்ந்தது. வைரஸ் ஒரு எம்பியை அழித்தது, ரிப்பேர் நூறு எம்பிக்கு மேல் அழித்தது.

சென்? தைவானில் அப்போது யாரும் புகார் கொடுக்கவில்லை, அதனால் அந்த வருடம் வழக்கும் இல்லை.

இப்ப 2024, ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் அனுப்பின ஒரு தப்பான அப்டேட். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில நின்னுச்சு. ஃபைல் ஒண்ணும் அழியல. ஒரே ஒரு கெட்ட ஃபைலைத் தூக்கினாப் போதும். ஆனா டிஸ்க் முழுக்க பிட்லாக்கர் பூட்டு. உள்ள போக நிறைய மெஷின்கள்ல 48 இலக்க ரெகவரி கீ கேட்டுச்சு. அந்தக் கீயைச் சேமிச்சு வச்ச சர்வரே சில இடங்கள்ல அதே நீலத் திரையில மாட்டிக்கிட்டு இருந்ததாச் செய்திகள் வந்துச்சு. 1999-ல ஒரு மாணவர் டிஸ்க்கைத் துழாவி வழி கண்டுபிடிச்சார். பூட்டின டிஸ்க்கைத் துழாவினா வெறும் இரைச்சல்தான். அங்க ரெண்டாவது பிரதி பத்திரமா இருந்தாலும், அது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. திருடன்கிட்ட இருந்து காப்பாத்தற அதே பூட்டுதான் இது, அதனால வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்.

உங்க லேப்டாப்போட அந்த 48 இலக்கம் இப்ப எங்க இருக்கு? பல பேருக்கு அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். இன்னைக்கு ஒரு தடவை உள்ள போய்ப் பார்த்துட்டு, ஒரு தாள்ல எழுதி வீட்டு பீரோவுல வையுங்க. லேப்டாப் பைக்குள்ள மட்டும் வேண்டாம்.