பதின்ம வயது ஆண்களின் உயரம்

பதின்ம வயது ஆண்களின் உயரம் மரபு, ஊட்டம், உடல்நலம் ஆகியவற்றைப் பொறுத்து அமைகிறது. உடற்பயிற்சி உடலை வலுவாக்கும். ஆனால் உயரத்தைக் கூட்டுவதில்லை.

வளர்ச்சி நிகழும் விதம்

நீள எலும்புகளின் முனைகளுக்கு அருகே வளர்ச்சித்தட்டு எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உள்ளது. இங்கு உருவாகும் உயிரணுக்களின் இடத்தில் எலும்பு அமைவதால் எலும்பு நீள்கிறது. ஆண்களில் இவ்வளர்ச்சி பெரும்பாலும் 13-14 வயதில் உச்சமடைகிறது. அப்போது ஆண்டுக்கு 8 முதல் 10 செ.மீ. வரை வளரலாம். பருவமடைதலின் முடிவில் ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரின் செயலால் வளர்ச்சித்தட்டுகள் மூடிக்கொள்கின்றன.

மரபு

நல்ல ஊட்டமுள்ள மக்களிடையே காணப்படும் உயர வேறுபாட்டில் ஏறத்தாழ 80% மரபு சார்ந்தது. 2022 இல் சுமார் 54 இலட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு வெளியான ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய ஏறத்தாழ 12,000 மரபணு வேறுபாடுகளை இனங்கண்டது.

மகனின் உயரத்தைத் தோராயமாகக் கணிக்க, பெற்றோர் உயரங்களின் கூட்டுத்தொகையுடன் 13 செ.மீ. சேர்த்து இரண்டால் வகுப்பர். தந்தை 168 செ.மீ., தாய் 155 செ.மீ. எனில் விடை 168 செ.மீ. ஆகும். இதற்கு 8 செ.மீ. கூடவோ குறையவோ இருப்பது இயல்பு.

ஊட்டம்

மரபு வகுத்த எல்லைக்குள் ஒருவர் எவ்வளவு வளர்கிறார் என்பதில் ஊட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. இராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் ஒரே வகை எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளைத் தனித்தனியே அளித்து ஆராய்ந்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. அரிசியே மிகுந்த சென்னை மாகாண உணவை உண்டவை எடை குறைந்து காணப்பட்டன. அவரது ஆய்வகமே 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டுப் பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

தமிழ்நாட்டில் 1982 இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1984 இல் 10 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வளர்ச்சி உச்சமடையும் வயது இதில் அடங்குவது குறிப்பிடத்தக்கது.

உடற்பயிற்சி

கம்பியில் தொங்குவதால் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் சற்றே தளரும். அந்த உயரம் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். கூடைப்பந்து ஆடுவதால் உயரம் கூடுவதில்லை. உயரமானவர்களே அவ்வாட்டத்துக்கு மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். முறையாகச் செய்யும் பளு தூக்கும் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்கும் என்பதும் தவறான நம்பிக்கையே.

விளம்பரங்களும் மருத்துவ ஆலோசனையும்

தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குக் குறைந்தது 170 செ.மீ. உயரம் வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167 செ.மீ. போதுமானது. இத்தகைய தேர்வுகளுக்காக உயரம் கூட்டும் மாவுகளை வாங்கும் இளைஞர்கள் உண்டு. வளர்ச்சித்தட்டு மூடியபின் அவற்றால் பயனில்லை. 14 வயதாகியும் பருவமாற்றம் தொடங்காத சிறுவர்களை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மணிக்கட்டு ஊடுகதிர்ப் படத்தின் மூலம் இன்னும் வளர வாய்ப்புள்ளதா என்பதை அறியலாம்.