இதயத்தைக் காக்கும் கண்ணும் எழுத்தும்

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணி மக்கள் நேர்வழியில் திருகோணமலைப் பெரிய ஆசுபத்திரிக்குச் செல்ல, 2009-ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, ‘பாதை’ எனப்பட்ட மிதவைப் படகையே நம்பியிருந்தனர். நெஞ்சு நோயாளிக்கோ ஒவ்வொரு நிமிடமும் உயிர். அந்த நிமிடத்தைக் காக்கும் முறை எவ்வாறு பிறந்தது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒல்லாந்து நாட்டு லைடன் நகரில் ஐந்தோவன் என்னும் அறிஞர் இதயத்தின் மின்துடிப்பைத் தெளிவான கோடாக வரைந்து காட்டினார். அவருடைய கருவி ஏறக்குறைய 270 கிலோ எடையுள்ளது. நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். 1924-இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் அக்கோடு சிறிது நேரத்துச் சித்திரமே. மாரடைப்புற்றோர் பலர், பின்னர் துடிப்பு திடீரெனச் சிதறி, காண்பாரின்றி மாண்டனர்.

1962-இல் அமெரிக்காவின் கான்சஸ் நகரில் மருத்துவர் ஹியூஸ் டே இதய நோயாளருக்கெனத் தனி விடுதி அமைத்தார். அங்கே திரையில் ஓடும் துடிப்பு இரவும் பகலும் கண்காணிக்கப்பட்டது. தடுமாறிய இதயத்துக்கு மின்னதிர்ச்சி உடனே அளிக்கப்பட்டது.

கருவி மணியடிக்கும், அது மெய்யான ஆபத்தா, கம்பி கழன்றதா எனத் தெளிபவர் மனிதரே. அவ்வாறே, விடுதி எழுதுவினைஞர் பெயரையோ கட்டில் எண்ணையோ பிழைபட எழுதினால், ஒருவருக்குரிய சிகிச்சை மற்றொருவரைச் சேரக்கூடும். உறங்காத கண்ணும் பிழையற்ற எழுத்தும் மருத்துவனின் இரு கைகள் எனல் தகும்.