வடிம்பும் குதிமுள்ளும்

நம்ம மைசூர்ல தசரா ஊர்வலம் என்றால் எல்லார் கண்ணும் அம்பாரி யானை மேலேதான். ஆனால் குதிரைப் போலீஸார் அணிவகுத்து வந்தபோது என் பேரன், "தாத்தா, குதிரைக்கு ஆக்ஸிலேட்டர் எங்கே இருக்கு?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். யோசித்தால் நல்ல கேள்விதான். கடிவாளம் நிறுத்தவும் திருப்பவும் உதவும். முன்னே செலுத்துவது ஏறியிருப்பவரின் கால். அந்தக் காலின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

ஐரோப்பிய வீரர்கள் குதிகாலில் தோல்வாரால் உலோக முள் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். தமிழில் இதைக் குதிமுள் என்கிறோம். முதலில் அது ஒற்றை முனை. 13ஆம் நூற்றாண்டு முதல் சுழலும் நட்சத்திரச் சக்கரம் பரவியது. ஒரு கையில் ஈட்டி, மறு கையில் கேடயமும் கடிவாளமும் என்றால் சாட்டை பிடிக்கக் கை ஏது? பொன்முலாம் பூசிய முள் வீரப் பட்டத்தின் அடையாளமும் ஆயிற்று. 1302 ஜூலை 11 அன்று, இன்றைய பெல்ஜியத்திலுள்ள கோர்ட்ரைக் அருகே, பிரெஞ்சுக் குதிரைப்படையை பிளெமிஷ் காலாட்படை வென்றது. வீழ்ந்தவர்களின் சுமார் 500 சோடி முட்களை மாதா கோயிலில் தொங்கவிட்டார்கள். 'பொன்முட்களின் போர்' என்றே அதற்குப் பெயர்.

நம்மிடம் என்ன இருந்தது? பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடும் கபிலர், குதிரையைச் செலுத்திய 'வடிம்பு' என்கிறார். வடிம்பு என்றால் பாதத்தின் விளிம்பு. அது உறுப்பின் பெயர், கருவியின் பெயரன்று. குதிரைச் சாட்டைக்கு 'மத்திகை' என்ற சொல் முல்லைப்பாட்டில் உண்டு.

இதை வைத்து, குதிமுள்ளையும் நாமே கண்டுபிடித்தோம் என்று மேடையில் பேசிவிட்டால் கைதட்டல் கிடைக்கும்; உண்மை கிடைக்காது. குதிரையே கடல்வழி வந்த செய்தியைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதையும், சரியான பராமரிப்பின்றி அவை மடிந்ததையும் எழுதியிருக்கிறார்.

அதே நூற்றாண்டில், 1258இல், இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் சோமநாதபுரம் கோயில் எழுந்தது. அதன் அடிப்பகுதியில் யானை வரிசைக்கு மேலே குதிரைவீரர் வரிசை. ஹொய்சளச் சிற்பங்களில் காணும் போர்க் கருவிகளை ஆராய்ந்து பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ் 1989இல் ஒரு நூலே வெளியிட்டார். அச்சிற்பங்களில் அங்கவடி தெளிவாகத் தெரிகிறது. கால் ஊன்ற இடம் கிடைத்தால் உடம்பு ஆடாது. உடம்பு ஆடாவிட்டால் குதிகாலின் குறிப்பைக் குதிரை தெளிவாகப் புரிந்துகொள்ளும். இதே ஹொய்சளர்கள் ஸ்ரீரங்கம் அருகே கண்ணனூரிலும் இருந்து ஆண்டவர்கள். ஆகவே இது கன்னடக் குதிரை, இது தமிழ்க் குதிரை என்று பிரிப்பது வீண் வேலை.

1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவில் மைசூர், ஜோத்பூர் ஈட்டிப் படையினர் இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்த்துக் குதிரையில் பாய்ந்தார்கள். அங்கும் கைகள் ஈட்டிக்கும் கடிவாளத்துக்கும் போக, குதிரையிடம் பேச மிஞ்சியது கால்தான்.

பேரனிடம், "ஆக்ஸிலேட்டர் குதிகால்ல இருக்குடா, தமிழ்ல அதுக்கு வடிம்புன்னு பேரு" என்றேன். இங்கே பிறந்து தமிழ் எழுத்து அறியாமல் வளரும் பிள்ளைகளுக்கு, பொய்ப் பெருமையைவிட இப்படி ஒரு சொல்லைக் கொடுப்பது மேல். அடுத்த முறை சோமநாதபுரம் போனால், அவர்களோடு சேர்ந்து குனிந்து அந்த வீரர்களின் காலைப் பாருங்கள்.