நுரையீரல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகியும் வலி போகவில்லையா? காரணம் என்ன, என்ன செய்யலாம்? முழு விளக்கம்

கட்டியை எடுத்தாச்சு, தையல் பிரிச்சாச்சு, ஸ்கேன்ல எதுவும் இல்லைனு டாக்டரும் சொல்லிட்டார். ஆனாலும் விலா ஓரத்தில் எரிச்சல், சட்டை பட்டால் சுள்ளென்று குத்தல், இருமினால் உயிர் போகிற வலி. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலர் மாதக்கணக்கில் அனுபவிக்கும் தொல்லை இது.

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு போன்ற பட்டு நெசவு ஊர்களில் இந்த வலி நேராக வருமானத்தில் கை வைக்கும். தறியில் உட்கார்ந்தால் இரண்டு கையும் தோளும் நாள் முழுக்க வேலை செய்தாக வேண்டும். வலி தாங்காமல் தறி நின்றால் சேலை நிற்கும், கூலியும் நிற்கும்.

இந்த வலி ஏன் வருகிறது? நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமா? எந்த மருந்து, எந்தப் பயிற்சி உதவும்? எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

இந்த வலி எத்தனை பேருக்கு வருகிறது?

நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்குப் பிறகு 3 மாதம் தாண்டியும் தொடரும் வலியை மருத்துவர்கள் 'நாள்பட்ட வலி' என்று கணக்கில் எடுக்கிறார்கள். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 3-வது மாதத்தில் சுமார் 57 சதவீதம் பேருக்கும், 6-வது மாதத்தில் சுமார் 47 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு அளவில் வலி இருந்தது தெரியவந்தது.

எல்லோருக்கும் அது கடுமையான வலி இல்லை. பலருக்கு லேசான இழுப்பு, மரமரப்பு மட்டும்தான். ஆனால் ஒரு பகுதியினருக்குத் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்கு வலி நீடிக்கிறது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று நினைக்கத் தேவையில்லை.

ஏன் வலிக்கிறது?

நுரையீரல் விலா எலும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. அதை எட்ட வேண்டுமானால், முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழிருந்து பக்கவாட்டில் வெட்டி, தசைகளை விலக்கி, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே கருவி வைத்து அகலப்படுத்த வேண்டும்.

ஒவ்வொரு விலா எலும்பின் அடி விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு ஓடுகிறது. எலும்பை விரிக்கும்போது அந்த நரம்பு நசுங்கலாம், இழுபடலாம், தையலில் மாட்டலாம். காயம்பட்ட நரம்பு, வெளியில் புண் ஆறிய பிறகும் மூளைக்கு 'வலி, வலி' என்று தவறான சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தழும்பு அழகாக ஆறியிருந்தாலும் உள்ளே எரிகிறது.

சிறு துளை போட்டு கேமரா வழியாகச் செய்யும் ஆபரேஷனில் விலா எலும்பை விரிப்பதில்லை. அதில் வலி பொதுவாகக் குறைவு. ஆனால் அதிலும் துளை போட்ட இடத்திலோ, நீர் வடிய டியூப் வைத்த இடத்திலோ நரம்பு பாதிக்கப்படலாம்.

முதுகில் வெட்டினார்கள், வயிற்றில் வலிப்பது ஏன்?

பலரைக் குழப்பும் கேள்வி இது. விலா நரம்பு முதுகில் தொடங்கி, பக்கவாட்டில் சுற்றி, முன்பக்கம் வரை வருகிறது. கீழ் விலா நரம்புகள் மேல்வயிறு வரைக்கும் போகின்றன. எனவே வெட்டிய இடம் முதுகாக இருந்தாலும், மார்பின் முன்பகுதியிலோ மேல்வயிற்றிலோ இறுக்கிப் பிடித்த மாதிரி உணர்வு வரலாம். சிலருக்கு அந்தப் பக்க வயிறு லேசாகப் புடைத்தும் தெரியும். அந்த நரம்பு இயக்கும் தசை தளர்ந்திருப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். இருந்தாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது.

ஆபரேஷன் செய்த பக்கம் தோள் வலிப்பதும் சகஜம். வலிக்குப் பயந்து கையைத் தூக்காமலே இருந்தால் தோள் மூட்டு இறுகி, அதுவே தனி வலியாகிவிடும்.

இது நரம்பு வலிதானா? எப்படித் தெரியும்?

கீழே உள்ளவை நரம்பு வலியின் அடையாளங்கள்:

- மிளகாய் பட்டது போன்ற எரிச்சல்
- கரண்ட் அடித்தது போல் திடீர் சுளீர் வலி
- ஊசி குத்தல், மரமரப்பு
- சட்டை, ரவிக்கை, உள்ளாடை பட்டாலே வலி
- தொட்டால் உணர்ச்சியே இல்லாத இடத்திலும் உள்ளே வலி

அசையும்போதும் இருமும்போதும் மட்டும் வரும் வலி பெரும்பாலும் தசை, எலும்பு, மூட்டு சம்பந்தப்பட்டது. இரண்டும் கலந்தும் இருக்கலாம். டாக்டரிடம் "வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், எந்த மாதிரி வலி என்று சொன்னால் சரியான மருந்து கிடைக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

வலி இருந்தால் புற்றுநோய் திரும்பிவிட்டதா?

வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் எல்லோர் மனதிலும் ஓடும் கேள்வி இது. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து தொடர்ந்து இருந்து, மெல்ல மெல்லக் குறையும் வலி, அல்லது அதே அளவில் நிற்கும் வலி பெரும்பாலும் நரம்புக் காயத்தால்தான். நோய் திரும்பியதற்கு அது அடையாளம் இல்லை.

ஆனால் வலியின் போக்கு மாறினால் சும்மா இருக்கக் கூடாது. குறைந்திருந்த வலி மறுபடி ஏறுவது, நாளுக்கு நாள் கூடுவது, முதுகெலும்பிலோ இடுப்பிலோ புதிதாக வலி வருவது, இவற்றுக்குப் பரிசோதனை அவசியம். பயந்து மறைப்பதால் நோய் மறையாது. சீக்கிரம் தெரிந்தால் செய்வதற்கு வழி அதிகம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சில் புதிதாகக் கடும் வலி
- சளியில் ரத்தம்
- ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி
- காய்ச்சல், தழும்பு சிவந்து சீழ் வடிதல்
- கால் மரத்துப்போய் நடக்க முடியாமல் போவது, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது
- காரணமில்லாமல் எடை குறைவது, விடாத தலைவலி, குரல் கம்முவது

முதல் ஐந்தில் எது இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்கலாம். கடைசியில் உள்ளவற்றுக்கு அடுத்த செக்கப் தேதி வரை தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

என்னென்ன மருந்துகள் கொடுப்பார்கள்?

*பாராசிட்டமால்:* முதல் படி இதுதான். டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. சளி, காய்ச்சலுக்கு வாங்கும் கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும். தெரியாமல் இரட்டிப்பாகச் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆபத்து.

*டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை:* மெடிக்கல் ஷாப்பில் "ஒரு வலி மாத்திரை குடுங்க" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இவைதான். மாதக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கலாம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

*கபாபென்டின், ப்ரீகாபலின்:* நரம்பு வலிக்கானவை. சாப்பிட்ட அன்றே வலி நிற்காது. அளவை மெல்லக் கூட்டி, சில வாரங்கள் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் தூக்கமும் தலைசுற்றலும் வரும் என்பதால் வண்டி ஓட்டுவதில் கவனம் தேவை. வலி குறைந்ததும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

*அமிட்ரிப்டிலின், டுலாக்செடின்:* இவை மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்துகள். "எனக்கு மனநோய்னு நினைச்சு குடுத்துட்டாங்களா?" என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. நரம்பு வலி சிக்னலைக் குறைக்கும் குணமும் இவற்றுக்கு உண்டு. இதயக் கோளாறு, புராஸ்டேட் தொல்லை, கண் அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

*டிரமடால், மார்ஃபின்:* மற்றவை பலிக்காதபோது, டாக்டர் கண்காணிப்பில் மட்டும். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் சேர்த்து மருந்து தருவார்கள். 'மார்ஃபின் குடுத்தா கடைசி கட்டம்' என்பது தவறான நம்பிக்கை. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் இந்த மருந்து நோயாளிகளுக்குக் கிடைப்பது பல ஆண்டுகள் கடினமாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி மருத்துவப் பயன்பாட்டுக்கான விதிகள் எளிதாக்கப்பட்டன.

மாத்திரைக்குக் கட்டுப்படாத வலிக்கு, உணர்ச்சி மரக்கச் செய்யும் லிடோகெய்ன் ஒட்டு, விலா நரம்பைச் சுற்றிப் போடும் ஊசி, தோலில் மெல்லிய மின் அதிர்வு தரும் கருவி எனப் பல வழிகள் உள்ளன. பெரிய மருத்துவமனைகளில் வலி சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. "பெயின் கிளினிக் இருக்கா?" என்று கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

*தலையணை:* இருமல், தும்மல் வரும்போது தலையணையைத் தழும்பின் மேல் வைத்து அணைத்துக்கொண்டு இருமுங்கள். வலி குறையும். வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் சளி தேங்கி நிமோனியா வரலாம்.

*மூச்சுப் பயிற்சி:* ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்துக் கருவியை மூலையில் போட்டுவிட வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் சொன்ன எண்ணிக்கையில் தினமும் செய்ய வேண்டும்.

*தோள் பயிற்சி:* சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல மேலே ஏற வேண்டும். நேற்று எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் முன்னேற்றம் கண்ணில் தெரியும்.

*துணிப் பயிற்சி:* துணி பட்டாலே வலிப்பவர்களுக்கு இது. தழும்பைச் சுற்றி முதலில் வழவழப்பான பட்டுத் துணியால் ஓரிரு நிமிடம் மெல்லத் தடவ வேண்டும். அது பழகியதும் பருத்தி, பிறகு சொரசொரப்பான துண்டு. தொடுதல் ஆபத்தில்லை என்று நரம்புக்குப் பழக்கும் முறை இது. புண் முழுதும் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். நெசவாளர் வீட்டில் பட்டுத் துண்டுக்குப் பஞ்சமில்லை.

*சூடு ஒத்தடம், கவனம்:* மரத்துப்போன இடத்தில் சூடு உறைக்காது. தோல் வெந்தபிறகுதான் தெரியும். உணர்ச்சி இல்லாத இடத்தில் சுடுநீர்ப் பை, மணல் கிழி, காரமான தைலம் எதுவும் வேண்டாம்.

*வலி நோட்டு:* பூஜ்ஜியத்திலிருந்து 10-க்குள் வலிக்கு தினமும் ஒரு மார்க் போட்டு, எப்போது கூடியது, எதனால் குறைந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். செக்கப்பில் டாக்டருக்கு இது பெரிய உதவி.

மறுபடி தறியில் எப்போது உட்காரலாம்?

திறந்து செய்த ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக 6 முதல் 8 வாரம் வரை பாரம் தூக்குவதைத் தவிர்க்கச் சொல்வார்கள். கீமோ, ரேடியேஷன் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. ஆனால் அவரிடம் "வேலைக்குப் போகலாமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரு கை நாடா கயிற்றை இழுக்க, மறு கை அச்சைத் தள்ள, கால் மிதிக்க, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்காரும் வேலை என்று விளக்கிச் சொல்ல வேண்டும். குழித்தறியாக இருந்தால் இறங்கி ஏறும்போது கையை ஊன்ற வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்ததும் எடுத்த எடுப்பில் முழு நாள் வேண்டாம். முதலில் தார் சுற்றுவது போன்ற இலகுவான வேலை. பிறகு தறியில் 15, 20 நிமிடம், எழுந்து நடை, மறுபடி உட்காருவது. மறுநாள் வலி ஏறவில்லை என்றால் நேரத்தைக் கூட்டலாம். ஏறினால் ஒரு படி இறங்கலாம். பாவு சுற்றிய உருளையைத் தூக்குவதை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்வது நல்லது.

ஆரணி பகுதியினர் எங்கே போகலாம்?

ஆரணியிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் உள்ள வேலூர் சி.எம்.சி-யில்தான், 1949-ல் இந்தியாவின் முதல் நெஞ்சு அறுவை சிகிச்சைத் துறையை ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கினார். காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எங்கே ஆபரேஷன் நடந்ததோ அங்கேயே வலியைப் பற்றி முதலில் சொல்வது சரியான வழி. உங்கள் ரிப்போர்ட் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

தூரம் போக முடியாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பற்றிக் கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், பிசியோதெரபியும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன.

மனசும் சோர்ந்து போனால்?

தொடர் வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கமின்மை வலியைக் கூட்டும். "இவ்ளோ செலவு பண்ணி காப்பாத்தினாங்க, இன்னும் வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?" என்று பலர் வாய் திறப்பதே இல்லை. வீட்டார் "உனக்கு எல்லாம் சரியாயிடுச்சே" என்று சொல்வதற்குப் பதில், "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாலே பாதி பாரம் இறங்கும்.

குறித்து வைக்க வேண்டிய எண்கள்

- 108: அவசர ஆம்புலன்ஸ்
- 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை
- 14416: மனநல ஆலோசனை, டெலி மனஸ்
- 1800 425 3993: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்
- 1800 11 2356: புகையிலையை விட உதவும் தேசிய எண்

ஆபரேஷனுக்குப் பிறகும் பீடி, சிகரெட் தொடர்ந்தால் புண் ஆறுவது தாமதமாகும், இருமல் கூடும், இருமல் கூடினால் வலியும் கூடும்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் சில நாட்களில் வலி கடுமையாக இருந்தவர்களுக்கே அது நாள்பட்டதாக மாறும் வாய்ப்பு அதிகம். எனவே வார்டில் இருக்கும்போதே வலியைப் பொறுத்துக்கொள்ளாமல் நர்ஸிடம் சொல்லுங்கள். "ஆபரேஷனுக்கு அப்புறம் வலி தெரியாம இருக்க என்ன ஊசி போடுவீங்க?" என்று மயக்க மருந்து டாக்டரிடம் முதல் நாளே கேட்கலாம்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ உங்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)