பல்பு கரண்ட்டைத் தின்னுமா?

ஒரு பேட்டரி, வரிசையா ரெண்டு பல்பு. முதல் பல்பு கொஞ்சம் கரண்ட்டைச் சாப்பிட்டுவிடும், மிச்சம் மீதிதான் ரெண்டாவதுக்குப் போகும். ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் என் மண்டைக்குள்ளே இருந்த இயற்பியல் இதுதான். ஓம் விதி தலைகீழாத் தெரியும், கணக்கும் சரியாப் போடுவேன், மார்க்கும் வந்தது. கல்லூரியில் நண்பன் லேப்டாப்பில் ஃபெட் சிமுலேஷனைத் திறந்து ரெண்டு பல்பை மாட்டினப்போதான் நான் பல்பு வாங்கினேன் :-) வயருக்குள்ளே எலெக்ட்ரான்கள் புள்ளி புள்ளியா ஊர்ந்துகொண்டிருந்தன. முதல் பல்புக்கு முன்னாடி என்ன வேகமோ, ரெண்டாவதுக்குப் பின்னாடியும் அதே வேகம். யாரும் எதையும் தின்னவில்லை.

இந்தப் பொம்மைகளை யார் செய்ய ஆரம்பித்தார்கள் என்று அப்புறம் தோண்டிப் பார்த்தேன்.

1963-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட் ஸஜாக், பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் எப்படித் திரும்புகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் படச்சுருளில் ஏற்றினார். அது ஆராய்ச்சிக்கு. அறுபதுகளிலேயே, அதே இடத்தில், ஃப்ராங்க் சிண்டன் பாடம் நடத்துவதற்கென்றே விசை, நிறை, இயக்கம் பற்றி ஒரு படம் எடுத்தார். ஈர்ப்பு விதியையே மாற்றினால் ரெண்டு பொருள்கள் ஒன்றையொன்று எப்படிச் சுற்றும் என்று அதில் பார்க்கலாம். இயற்கையில் இல்லாத விதியை ஓடவிட்டுக் காட்டுவது கரும்பலகையில் ஆகிற காரியமா?

1985-ல் 'மெக்கானிக்கல் யூனிவர்ஸ்' டிவிக்கு வந்தது. கால்டெக் பேராசிரியர் டேவிட் குட்ஸ்டீனின் முதலாண்டுப் பாடங்கள், மொத்தம் 52 பகுதி. அனிமேஷன் ஜிம் ப்ளின், வாயேஜர் விண்கலம் கோள்களைக் கடக்கும் படங்களைச் செய்த அதே மனுஷன். சமன்பாட்டு எழுத்துகள் குதித்து இடம் மாறும், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். அழகுதான். ஆனா, 'இங்கே இன்னொரு பல்பு மாட்டினா?' என்று கேட்டால் டிவி பதில் சொல்லாதே!

1995-ல் ஜாவா வந்த பிறகுதான் பிரவுசருக்குள்ளேயே யாரும் கை வைக்க முடிந்தது. டேவிட்சன் கல்லூரியில் வுல்ஃப்காங் கிறிஸ்டியன் 'ஃபிஸ்லெட்' என்று சின்னச் சின்ன ஆப்லெட்டுகளாகச் செய்தார். 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் ஃபெட்டைத் தொடங்கினார். 2001-ல் நோபல் வாங்கிய ஆசாமி, மறு வருஷமே ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்குப் பொம்மை செய்ய உட்கார்ந்துவிட்டார்! மாணவர்களை சிமுலேஷன் முன் உட்கார வைத்து, மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, அதைக் கேட்டுத் திருத்தினார்கள். (நம்ம தொழிலில் டெட்லைன் நெருங்கினால் முதலில் வெட்டுவது இதைத்தான்.)

2005-ல் நோவா ஃபிங்கெல்ஸ்டைன் குழுவின் ஆய்வுக் கட்டுரை வந்தது. லேபில் ஒரு கூட்டத்துக்கு நிஜ பல்பும் வயரும், இன்னொரு கூட்டத்துக்கு ஃபெட். பிறகு எல்லாருக்கும் நிஜ சர்க்யூட்டையே கட்டி விளக்கும் வேலை. அதிலும் ஃபெட் கூட்டமே முந்தியது. எனக்கு இது ஆச்சரியமில்லை, நிஜ வயர் எலெக்ட்ரானைக் காட்டாதே.

அதுக்காக லேபை இழுத்து மூட முடியாது. லூஸ் கனெக்ஷனோடு மல்லுக்கட்டுவதை எந்த சிமுலேஷனும் சொல்லித்தராது. தவிர, அந்தப் புள்ளிகளும் பொய்தான். சாதாரண வயரில் எலெக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட முன்னேறாது.

எனக்கு நிஜமாகவே வயிற்றெரிச்சல் வேறொன்றில். 2015-ல் குரோம் ஜாவா ப்ளகின்னைக் கைவிட்டது. 2020 டிசம்பர் 31-ல் ஃப்ளாஷுக்கும் சங்கு ஊதியாச்சு. ஃபெட்டுக்கு ஆளும் பணமும் இருந்ததால் ஹெச்டிஎம்எல்5-ல் திரும்ப எழுதினார்கள். தனியாளாக ராத்திரி கண்விழித்து ஆப்லெட் எழுதிய வாத்தியார்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் பக்கங்களைத் திறந்தால் ஊசல் ஆட வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம்.

போன வாரம் எட்டாவது படிக்கும் அக்கா பையனுக்கு ஃபெட்டைத் திறந்து கொடுத்தேன். ரெண்டே நிமிஷத்தில் பேட்டரியின் ரெண்டு முனையையும் வெறும் வயரால் இணைத்துத் தீ வைத்துவிட்டான். "மாமா, வயர் போட்டதும் பல்பு ஏன் அணைஞ்சுது?"

நிஜ பேட்டரியில் இதைச் செய்து தொலைக்காதே என்று முதலில் சொல்லிவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.