பழி சுமந்த முடி: மக்பெத்தும் நல்லூர்ச் சங்கிலியும்

அரசனைக் கொன்று அரசு கவர்தல் எல்லா நாட்டு வரலாறுகளிலும் காணப்படும் கொடுமையாகும். கொன்றவன் பகைவனாயின் அதனைப் போர் என்போம். உறவினனாயின் அதற்குப் பெயர் வேறு. சேக்ஸ்பியர் இயற்றிய ‘மக்பெத்’ என்னும் அவலநாடகம் இக்கொடுமையையே பொருளாகக் கொண்டது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயின்றோர் பலர் அந்நாடகத்தைக் கற்று, கையைக் கழுவிக் கழுவியும் கறை நீங்கக் காணாத அரசியின் துயரினை அறிந்துள்ளனர். ஆயின், நாம் நாடோறும் கடந்து செல்லும் நல்லூரின் அரசகுடியிலும் அத்தகைய செயலொன்று நிகழ்ந்ததென்பதை நினைப்பார் சிலரே. மக்பெத் இயற்றப்பெற்றது 1606 ஆம் ஆண்டளவில். நல்லூர் இளவரசர் கொலையுண்டது 1617 இல். சேக்ஸ்பியர் மறைந்து ஓராண்டே கழிந்த காலம் அது. இவ்விரண்டினையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நாடகத்தை நோக்குவோம். வரலாற்றிலே மக்பெத் என்பான் 1040 இல் டங்கன் மன்னனைப் போர்க்களத்தில் வென்று, 1057 வரை பதினேழாண்டு ஸ்கொத்லாந்தை ஆண்டவன். ஹொலின்ஷெட் என்பார் 1577 இல் வெளியிட்ட வரலாற்று நூல், அவன் ஆட்சியின் முற்பகுதி நல்லாட்சியாயிருந்ததெனவே கூறும். சேக்ஸ்பியர் இவ்வரலாற்றை அவ்வாறே கொண்டாரல்லர். அந்நூலிலேயே வேறோரிடத்தில், டஃப் என்னும் மன்னனை அவன் தங்கியிருந்த கோட்டையில், மனைவியின் தூண்டுதலால், டொன்வால்ட் என்பவன் கொல்வித்த செய்தி வருகின்றது. அச்செய்தியை எடுத்து மக்பெத்தின்மேல் ஏற்றினார். போர்க்களத்துப் பகைவன் இவ்வாறு வீட்டுக்கு வந்த விருந்தினனானான். விழித்திருந்து பொருதவன் உறங்குகின்ற முதியவனானான். கொலையை இத்துணை இழிந்ததாக ஆக்கியதன் கருத்து யாது? கொன்றவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத்தக்க சமாதானம் ஒன்றேனும் எஞ்சியிருத்தல் கூடாது என்பதேயாம்.

அப்பழியுணர்வினைக் கவிஞர் குறியீடுகளாற் காட்டுகின்றார். கொலை மேடையில் நிகழவில்லை. குருதி தோய்ந்த கைகளையே நாம் காண்கின்றோம். சிறிது நீர் போதும் என்று எளிதாகப் பேசிய அரசியே, பின்னர் உறக்கத்தில் நடந்து இல்லாத கறையைக் கழுவுகின்றாள். உறங்குவானைக் கொன்றவனுக்கு உறக்கமே பகையாகின்றது. கவர்ந்த அரசுரிமை பிறனுடைய ஆடைபோல அவன் உடலிற் பொருந்தாது தொங்குகின்றது. இவை யாவற்றினும் ஆழமானது குழந்தையின் உருவமாகும். மக்பெத் அணிந்த முடி மகவில்லாதவன் முடி. தனக்குப்பின் பிறன் மக்களே ஆள்வர் என்னும் எண்ணம் அவனை வாட்டுகின்றது. ஆகவே கொலையின் பயன் கொன்றவனுக்குக் கிட்டாது என்பதே நாடகத்தின் உள்ளுறை.

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், 1736 ஆம் ஆண்டளவில், எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’ சங்கிலியைப் பற்றிக் கூறுவது வருமாறு: பரராசசேகரன் மக்களுள் மூத்தவனாகிய சிங்கவாகுவைச் சங்கிலி நஞ்சூட்டிக் கொல்வித்தான்; அடுத்தவனாகிய பண்டாரத்தை வாளாற் கொன்று அரசைக் கைக்கொண்டான்; மற்றொரு சகோதரனாகிய பரநிருபசிங்கன் வைத்தியத்தின் பொருட்டுக் கண்டிக்குச் சென்றிருந்த சமயம் அது. பின்னர், மனம் புழுங்கிய பரநிருபசிங்கன் பறங்கியரொடு கூடினான் எனவும், காக்கைவன்னியன் வஞ்சனையாற் சங்கிலி பிடிபட்டான் எனவும் அந்நூல் கூறும்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். வைபவமாலையார் சங்கிலி என்னும் பெயர் பூண்ட இருவரை ஒருவராக்கிவிட்டார். முதலாம் சங்கிலி 1519 முதல் 1561 வரை ஆண்டு, 1560 இல் நல்லூர்மேல் வந்த போர்த்துக்கேயப் படையை எதிர்த்து நின்றவன். இரண்டாம் சங்கிலியே 1617 இல் அதிகாரத்தைக் கவர்ந்து 1619 இல் இழந்தவன். சுவாமி ஞானப்பிரகாசர், முதலியார் இராசநாயகம் முதலியோர் போர்த்துக்கேயர் குறிப்புகளொடு ஒப்புநோக்கி ஆராய்ந்ததனால் இவ்வேறுபாடு தெளிவாயிற்று.

இரண்டாம் சங்கிலியின் செய்தி வருமாறு: போர்த்துக்கேயரால் 1591 இல் அரியணையேற்றப்பட்ட எதிர்மன்னசிங்கன் இறந்தபோது அவன் மகன் சிறு குழந்தை. அக்குழந்தைக்காக ஆட்சியை நடத்துதற்கு அரசகேசரி என்பான் நியமிக்கப்பட்டான். சங்கிலி அரசகேசரியையும் அரசகுடியின் இளவரசரையும் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றினான். காளிதாசரின் காவியத்தைத் தமிழில் ‘இரகுவமிசம்’ எனப் பாடிய அரசகேசரியும் இக்குடியினரே. பெயரொற்றுமை கொண்டு இருவரும் ஒருவரே என்பாரும் உளர். அவர் கூற்று மெய்யாயின், அன்று வீழ்ந்தது ஓர் அரசியற்றலை மட்டுமன்று, ஒரு புலமையும் ஆகும்.

சங்கிலியின் உள்ளத்துப் பழியுணர்வைப் பதிவுசெய்த தனிமொழி எதுவும் நம்மிடம் இல்லை. அவன் உறங்கினானோ, உறங்காதிருந்தானோ, வரலாறு கூறாது. எனினும் பழி வேறொரு வடிவில் அவனைத் தொடர்ந்தது. ஒருவனை மன்னனென ஏற்கும் உரிமை அவன் சுற்றத்தாரிடமும் குடிகளிடமும் இருப்பது. சுற்றத்தாரைக் கொன்றவன் அவ்வேற்பை வெளியாரிடம் யாசிக்க வேண்டியவனானான். போர்த்துக்கேயரிடம் திறையும் பிற வாக்குறுதிகளும் அளித்தான். அவர்களோ, விருப்பமின்றி, குழந்தை மன்னனுக்காக ஆள்பவன் என்ற அளவிலேயே அவனை ஏற்றனர். எந்த முடிக்காகக் கொன்றானோ அந்த முடி அவர்தம் கணக்கில் அவனுக்கு என்றுமே கிட்டவில்லை! 1618 இல் உள்நாட்டிற் கிளர்ச்சி எழவே, தஞ்சை நாயக்க மன்னனின் துணையை நாடினான். வருணகுலத்தான் தலைமையில் வந்த படை கிளர்ச்சியை அடக்கியது. அவ்வுறவே போர்த்துக்கேயரின் ஐயத்தை வளர்த்தது. 1619 இல் பிலிப் தெ ஒலிவேரா படையொடு வந்தான். சங்கிலி கடல்வழித் தப்ப முயன்று பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மரணதண்டனைக்கு உள்ளானான். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடிக்கப்பட்டது. அரசகுடியிற் பிறந்தோர் பலர் கிறித்தவத் துறவற சபைகளிற் சேர்க்கப்பட்டனர்; நல்லூர் அரசகுலம் அவ்வாறே முடிந்தது. சந்ததியற்ற முடி என்னும் நாடகக் குறியீடு இங்கே வரலாற்று உண்மையாயிற்று.

ஈண்டு ஒரு தடை எழலாம். சங்கிலி எவரையும் கொல்லாதிருந்தாலும் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கவர்ந்தேயிருப்பர். ஆதலின் வீழ்ச்சிக்குக் கொலையைக் காரணமாக்குதல் தகுமோ? தடை நியாயமானதே. 1591 முதலே நல்லூர் அவர்தம் நிழலில் இருந்தது. மன்னாரும் அவர்தம் கையில் இருந்தது. கொலையொன்றே வீழ்ச்சிக்குக் காரணம் எனல் மிகைக்கூற்றாகும். ஆயின், அந்நியன் வாயிலில் நிற்கும் வேளையில், தோள்கொடுக்க வேண்டிய சுற்றத்தை அழித்து அரசைத் தனிமைப்படுத்தியது அச்செயல் என்பதை மறுத்தல் இயலாது.

இங்கே நாம் நம்மையும் ஆராய்தல் வேண்டும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்களின் ‘சங்கிலி’ நாடகம் 1956 இல் வெளிவந்தது. நல்லூர் முத்திரைச் சந்தியில் 1974 இல் சங்கிலியனுக்குச் சிலை எழுந்தது. 2011 இல் புதிய சிலை நிறுவப்பட்டது. அந்நியனை எதிர்த்தவனைப் போற்றுதல் இயல்பே. ஆயின் வைபவமாலையின் கதையில் நம் நினைவில் நிலைத்திருப்பது எது? காக்கைவன்னியன் பெயரைக் காட்டிக்கொடுப்போனுக்கு மறுபெயராக வழங்குகின்றோம். சிங்கவாகுவையும் பண்டாரத்தையும் அரசகேசரியையும் மறந்தோம். வீழ்ச்சியின் பழி முழுவதையும் ஒருவன் தலையிற் சுமத்தி, கொலைசெய்த கையைக் கழுவிவிட்டோம். சிறிது நீர் போதும் என்று கருதிய அரசியின் பிழையன்றோ இது?

சங்கிலியின் மறத்தை மறுக்க வேண்டுவதில்லை. மக்பெத்தும் இறுதிவரை வாளேந்திப் பொருத வீரனே. வீரம் பழியை அழிப்பதில்லை. பழி வீரத்தை அழிப்பதுமில்லை. இரண்டினையும் ஒருவனிடத்தே ஒருங்கு காண்பதே அவலநாடகம் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும். அந்தக் கண்கொண்டு நம் வரலாற்றையும் மாணவர் கற்பாராக. முத்திரைச் சந்தியைக் கடக்கும்போது குதிரைமேல் நிற்பவனை நினைப்பதோடு, சிலையில்லாத அவ்விளவரசரையும் ஒருகணம் நினைப்போமாயின், அதுவே வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதியாகும்.